ஆயிரத்து எண்ணூறு வித்தியாசம்

சிரிப்பு இன்னும் அடங்கவில்லை. நானும் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறேன், சிரிக்காமல் எப்படி, மேடையில் நடு நாற்காலியில் மாலையோடு உட்கார வைத்து நம்மைப் பற்றியே ஒரு வேடிக்கை சொல்லும்போது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தால் எண்பது வயதிலும் கிழவனுக்குத் தலைக்கனம் போகவில்லை என்பார்கள், அதனால் பல் தெரியச் சிரிக்கிறேன். ஆடிட்டர் சிதம்பரநாதனுக்கு மைக்கை விட மனசில்லை. கைதட்டல் கிடைத்த குஷியில் மறுபடியும் முதலிலிருந்து சொல்கிறான். "எண்பத்தாறு ஏப்ரலுங்க. ஃபைனல் இயர். நம்ம சார் போட்ட கேள்வின்னு பார்த்ததுமே தெரிஞ்சு போச்சு. பேலன்ஸ் ஷீட் போட்டா டாலி ஆவ மாட்டேங்குது. ஆயிரத்து எண்ணூறு உதைக்குது. அரை மணி நேரம் முட்டிப் பார்த்தேன். அப்புறம் 'பிற கடன்கள்'னு ஒரு வரியை நானாச் சேர்த்து, ஆயிரத்து எண்ணூறை அதுல தள்ளி முடிச்சுப்போட்டேன். ஃபுல் மார்க்குங்க! கோல்டு மெடலுங்க! நம்ம சாரையே ஏமாத்துன ஒரே ஆளு நான்தானுங்க!" எருமை. ஒரே ஆளாம். அந்த வருஷம் ஆயிரக்கணக்கில் செய்தீர்களடா. அத்தனை பேரும் அந்த ஆயிரத்து எண்ணூறை ஏதாவது ஒரு பொந்தில் சொருகிவிட்டு எழுந்து போனீர்கள், அத்தனை பேருக்கும் நான்தான் முழு மார்க் போடச் சொன்னேன். இத்தனை வருஷமாக யாரும் வாயைத் திறக்காத எண்ணை இந்த மடையன் இன்றைக்கு மைக்கில் மூன்று தடவை சொல்லிவிட்டான், அவளும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள், ஏழாவது வரிசையில் சுவரோரமாக, காப்பிக்கொட்டை நிறச் சேலை, மடியில் ஜவுளிக்கடைக் கவர். எல்லோரும் சிரித்தபோது அவள் சிரிக்கவில்லை.

எனக்கு அவளை முகத்தை வைத்து அடையாளம் தெரியவில்லை. முப்பத்தெட்டு வருஷம் ஆகிவிட்டது. காலையில் துறைத் தலைவி பூங்கோதை ஒரு பட்டியலைக் கொண்டுவந்து நீட்டினாள், எனக்குப் பொன்னாடை போர்த்தப் போகிற பழைய மாணவர்கள், பெயர், படித்த வருஷம், தொலைபேசி எண், இப்போது பார்க்கிற வேலை, எல்லாம் அவரவர் கையெழுத்தில். ஆடிட்டர், வங்கி மேலாளர், ஆடிட்டர், நிதி அலுவலர், ஆடிட்டர், இப்படிப் போய்ப் பதினான்காவதாக, தெய்வானை, 1983–86, வேலை என்ற கட்டத்தில் அவளே கைப்பட எழுதியிருக்கிறாள்: டிகிரி முடிக்கலை. நான் பார்த்தது வேலைக் கட்டத்தை அல்ல, தொலைபேசி எண்ணில் இருந்த ஏழு என்ற எண்ணை, நடுவில் ஒரு குறுக்குக்கோடு போட்ட ஏழு. அவள் மட்டும்தான் என் வகுப்பில் அப்படி எழுதுவாள். "இவங்க யாரும்மா?" என்று கேட்டேன். "தெரியலைங்க சார், எட்டு மணிக்கே வந்து அதோ ஏழாவது வரிசையில சுவரோரமா உக்காந்துட்டாங்க, நம்ம ஸ்டூடன்ட்டுதானுங்களாம்" என்றாள் பூங்கோதை. பேரை எடுத்துவிடச் சொல்லியிருக்கலாம். நேரம் போதாது, பத்துப் பேர் போதும் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை, சொன்னால் ஏன் என்று கேட்பாளோ என்று பயம். இப்போது வரிசை கட்டி நிற்கிறார்கள், மேடையின் இடப்பக்கப் படியில் தொடங்கிச் சுவரை ஒட்டி வாசல் வரைக்கும், முதல் ஆள் ஜரிகைச் சால்வையை விரித்துப் பிடித்துக்கொண்டு புகைப்படக்காரரைப் பார்த்துச் சிரிக்கிறான், நான் குனிகிறேன், சால்வை விழுகிறது, பின்னாலிருந்து கல்லூரிப் பணியாளர் அதை உருவிக்கொண்டு போகிறார், அடுத்தவன் வருகிறான். ஏழாவது வரிசையில் அவள் எழுந்து சேலையைச் சரி செய்துகொள்கிறாள். தெய்வமே, கால் வலி என்று உட்கார்ந்துவிடேன்.

என்னை டாலி நஞ்சப்பன் என்பார்கள். முதுகுக்குப் பின்னால் சொன்னது, பிறகு முகத்துக்கு நேரே, இப்போது இந்த அரங்கத்தின் வாசலில் பித்தளை எழுத்தில் டாலியை மட்டும் விட்டுவிட்டு மீதியைப் பதித்திருக்கிறார்கள். என் கணக்குப்பதிவியல் புத்தகம் பதினாறு பதிப்பு. தமிழ்நாட்டில் பி.காம். படித்த எவன் வீட்டுப் பரணிலும் அட்டை கிழிந்து ஒன்று கிடக்கும். அதில் ஒரு பிழை கண்டுபிடித்துக் காட்டினால் என் ஒரு மாதச் சம்பளம் தருகிறேன் என்று வகுப்பில் சவால் விடுவேன், யாரும் வாங்கியதில்லை. இரண்டு பக்கமும் சமமாக வராமல் நாற்காலியை விட்டு எழுந்திருக்காதே என்பேன். வரவில்லையா, வித்தியாசத்தை ஒன்பதால் வகுத்துப் பார், மீதியில்லாமல் வகுபட்டால் எங்கேயோ ஒரு எண்ணை இடம் மாற்றி எழுதியிருக்கிறாய், தேடு என்பேன். எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று சொல்வேன், கரும்பலகையில் எழுதியே போடுவேன்: கேள்வியைச் சந்தேகப்படாதே, உன்னைச் சந்தேகப்படு. பிள்ளைகள் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்வார்கள். ஐந்தாவது ஆள் காலில் விழுகிறான், எழுந்திருப்பா, எழுந்திரு, நல்லா இரு. காலில் விழுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஒரு நொடி பயம், எழும்போது கையில் என்ன வைத்திருப்பார்களோ என்று. என்ன வைத்திருப்பார்கள், பொன்னாடைதான். அவள் அந்தக் கேள்வித்தாளைக் கொண்டுவந்திருந்தால்? அந்தக் கவருக்குள் மடித்து வைத்திருந்தால்? மைக்கைப் பிடுங்கி, எல்லாரும் ஒரு நிமிஷம் இந்த ட்ரையல் பேலன்ஸைக் கூட்டிப் பாருங்கள் என்று சொன்னால்? இங்கே இருக்கிற முந்நூறு பேரும் கணக்கு படித்தவர்கள். ஒரு நிமிஷம்கூட ஆகாது.

எட்டாயிரத்து அறுநூறு. அதுதான் சரியான எண், கடன் கொடுத்தோர் என்ற வரியில். ஆறாயிரத்து எண்ணூறு என்று எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை பகல், மச்சினிச்சி குடும்பம் வந்திருந்தது, கூடத்தில் பேச்சும் சிரிப்பும், வினாத்தாளை நல்ல பிரதி எடுத்து அரக்கு முத்திரை வைத்து மறுநாள் கொடுத்தாக வேண்டும், இலை போட்டாச்சு வாங்க என்று என் மனைவி ரத்தினம் இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டாள், கை எழுதியது, மை காய்ந்தது, உறையில் போட்டேன். கேள்வியில் மொத்தம் போடுகிற பழக்கம் எனக்குக் கிடையாது, போட்டால் பையன்கள் சோம்பேறி ஆகிவிடுவார்கள் என்ற கொள்கை, மொத்தம் போட்டிருந்தால் அங்கேயே மாட்டியிருக்கும். என் கொள்கையே எனக்கு ஆப்பு வைத்தது. தேர்வு முடிந்து விடைத்தாள் திருத்தும் முகாம், நான் தலைமைத் தேர்வாளர், மூன்றாம் நாள் பகலில் திண்டுக்கல் பக்கமிருந்து வந்த சேசுராஜ் என்ற இளைஞர் என் மேஜைக்கு வந்து குனிந்து மெல்லச் சொன்னார், "சார், கேள்வியைக் கூட்டிப் பார்த்தேன். ரெண்டு பக்கமும் சேரலை." பேனாவை எடுத்து நானும் கூட்டினேன், கூட்டும்போதே தெரிந்துவிட்டது, அந்த வரி கண்ணில் முள்ளாகத் தைத்தது. நிமிர்ந்து என்ன சொன்னேன்? "உங்க கட்டுல எத்தனை பேருக்கு டாலி ஆயிருக்கு சேசுராஜ்?" அவர் போய் எண்ணிப் பார்த்துவிட்டு வந்தார். "நாப்பதுல முப்பத்தோரு பேருக்கு ஆயிருக்கு சார்." "அப்ப கேள்வி எப்படித் தப்பாகும்?" அவர் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார், பிறகு "சரிங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்து திருத்தத் தொடங்கினார். நான் போட்ட விதி சுவரில் ஒட்டியிருந்தது. டாலி ஆனால் முழு மார்க், பிரித்துப் பார்க்க வேண்டாம். ஆகவில்லையென்றால் நாலுக்கு மேல் போட வேண்டாம். எழுந்து நின்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லோருக்கும் இருபது மார்க் போட்டிருப்பார்கள், அவ்வளவுதான் விஷயம், உலகம் இடிந்து விழுந்திருக்காது. ஆனால் அந்த மாதம்தான் என் புத்தகத்தைப் பாடமாக வைப்பதா வேண்டாமா என்று பாடத்திட்டக் குழு கூடுகிறது. கேள்வியைத் தப்பாகப் போட்டவன் புத்தகம் என்று ஒருவன் சொன்னால் போதும். பயம்தான். வேறு பெரிய காரணமெல்லாம் இல்லை. சேசுராஜ் போன வருஷம் தவறிவிட்டதாகச் செய்தி வந்தபோது எனக்கு மனசு லேசாயிற்று, அதையும் சொல்லிவிடுகிறேன், யாரிடம் சொல்கிறேன், எனக்குள்ளேதான், ஆனாலும் வெட்கமாக இருக்கிறது.

ஒன்பது. பத்து. வரிசை இவ்வளவு வேகமாக நகர வேண்டுமா, ஆளுக்கு ஒரு புகைப்படம் எடுக்கச் சொல்லும்மா பூங்கோதை, நிதானமாக. அவள் இப்போது படிக்குக் கீழே வந்துவிட்டாள், முட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், கண்ணாடி தடிமனாக இருக்கிறது, தலை முக்கால்வாசி நரைத்துவிட்டது. அவள் விடைத்தாளை நான் பார்த்தேன். அதை எப்படி மறப்பேன். சரிபார்ப்பதற்காக ஒவ்வொரு கட்டிலிருந்தும் இரண்டு தாள் என் மேஜைக்கு வரும், பெயர் இருக்காது, எண் மட்டும், ஆனால் குறுக்குக்கோடு போட்ட ஏழு. முதல் தரமாகச் செய்திருந்தாள், ஒரு சரிக்கட்டுதலைக்கூட விடவில்லை. டாலி ஆகவில்லை. ஏமாற்றவும் இல்லை. கீழே எழுதியிருந்தாள்: "வித்தியாசம் ரூ.1,800. ஒன்பதால் வகுபடுகிறது. எண் இடம் மாறியிருக்கிறது என்று தெரிகிறது. எவ்வளவு தேடியும் என் பிழையைக் கண்டுபிடிக்க முடியவில்லை. மன்னிக்கவும்." தேடியிருக்கிறாள், நேரம் முழுக்க அதையே தேடியிருக்கிறாள், அடுத்த இரண்டு கேள்விகளைத் தொடவே இல்லை. கேள்வியைச் சந்தேகப்படாதே என்று நான் சொன்னேன் இல்லையா, அவள் சந்தேகப்படவில்லை. அந்த முகாமில் வந்த விடைத்தாள்களிலேயே நான் சொல்லிக்கொடுத்ததை அப்படியே செய்த தாள் அது ஒன்றுதான். நாலு மார்க். மொத்தம் முப்பத்தாறு. பாஸுக்கு நாற்பது. கூட்டுறவு வங்கி ஒன்றில் வேலைக்கு எடுத்திருந்தார்கள் அவளை, டிகிரி முடித்துச் சான்றிதழோடு வா என்று ஜூலை வரைக்கும் நேரம் கொடுத்திருந்தார்கள். இதை நான் பிறகுதான் கேள்விப்பட்டேன், அவளுடைய அப்பா சொன்னார். மஞ்சள் மண்டியில் எடை போடுகிறவர், வெளுத்த சட்டை, நகக்கண்ணில் எல்லாம் மஞ்சள், வீட்டுக்கு வந்து காப்பி வேண்டாம் என்று நின்றுகொண்டே பேசினார். "பாஸ் போடச் சொல்லிக் கேக்க வரலீங்க. புள்ள மூணு நாளாச் சோறு திங்கலீங்க. எங்க தப்புப் பண்ணுனேன்னு தெரிஞ்சாப் போதும்ங்குது. நீங்க பார்த்துச் சொன்னீங்கன்னா போயிச் சொல்லுவனுங்க." கேள்வித்தாளை நீட்டினார். நான் அதைக் கையில் வாங்கவே இல்லை. "கவனக்குறைவுங்க. அக்டோபர்ல மறுபடி எழுதச் சொல்லுங்க" என்றேன். "கவனக்குறைவுங்களா" என்று ஒரு தடவை திருப்பிச் சொல்லிக்கொண்டார், போய் மறக்காமல் சொல்ல வேண்டுமே என்று. அக்டோபரில் அவள் வரவில்லை. ஆவணியிலேயே காங்கேயம் பக்கம் கட்டிக்கொடுத்துவிட்டதாகக் கேள்வி.

அதற்குப் பிறகு எத்தனை கூட்டம், எத்தனை பாராட்டு, எல்லாவற்றிலும் கூட்டத்தில் முதலில் பெண்கள் பக்கத்தைத்தான் பார்ப்பேன். சிலசமயம் நானே எனக்குத் தைரியம் சொல்லிக்கொள்வேன், என்ன பெரிய தப்பு, ஒரு எண், ஒரு வருஷம், ஒரு பெண், இதே கையால் எத்தனை ஆயிரம் பேரை ஆளாக்கியிருக்கிறேன், அந்தப் பக்கம் இதை வைத்து இந்தப் பக்கம் அதை வைத்தால். வேண்டாம், எதையும் எதிரெதிரே வைத்துப் பார்க்கிற இந்தப் பழக்கம்தான் என்னைக் கெடுத்தது. ஆளாக்கினேன் என்கிறேனே, என்ன ஆளாக்கினேன், அதோ முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிற சிதம்பரநாதனை ஆளாக்கினேன், உதைக்கிற ஆயிரத்து எண்ணூறை ஒரு வரிக்குள் தள்ளினால் மெடல் கிடைக்கும் என்று இருபது வயதில் அவன் என்னிடம் கற்றுக்கொண்டான், ஆடிட்டராகி எத்தனை வரிகளில் எதைத் தள்ளினானோ. பதின்மூன்று. கழுத்து வலிக்கிறது. மயக்கம் வருகிற மாதிரி சாய்ந்துவிட்டால் என்ன, எண்பது வயதுக்காரன் மேடையில் சாய்ந்தால் யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள், தண்ணீர் தெளிப்பார்கள், வரிசையைக் கலைத்துவிடுவார்கள். கண்ணை மூடிப் பார்க்கிறேன். சாயவில்லை. சாய்வதற்குக்கூடத் தைரியம் வேண்டியிருக்கிறது. "அடுத்ததா, எண்பத்தாறு பேட்ச், திருமதி தெய்வானை அவர்கள்" என்கிறாள் பூங்கோதை, வேலையைப் படிக்காமல் விட்டுவிட்டாள், நல்ல பெண்.

வந்துவிட்டாள். சால்வை இல்லை, பச்சைக்கரை போட்ட வெள்ளைத் துண்டு, புதுசு, கஞ்சி மொடமொடப்பு. போர்த்திவிட்டு இரண்டு முனையையும் இழுத்துச் சரி செய்கிறாள். "நல்லா இருக்கீங்ளா சார்? தெய்வானைங்க." "தெரியும்மா" என்கிறேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது. "ஞாபகம் இருக்குங்ளா!" இந்தச் சந்தோஷத்தை நான் எதிர்பார்க்கவில்லை, கத்துவாள் என்றுதான் முப்பத்தெட்டு வருஷமாகத் தயாராகிக்கொண்டிருந்தேன். "ஒண்ணு கேக்கோணுமுங்க சார். இத்தன வருசமா மண்டைக்குள்ளயே கெடக்குது, சாவறதுக்குள்ள கேட்டறலாம்னுதான் வந்தனுங்க. இப்ப அவரு சொன்னாருங்கல்ல, ஆயிரத்து எண்ணூறு உதைச்சுதுன்னு. எனக்கும் அதே ஆயிரத்து எண்ணூறுதானுங்க. நாங்க ரெண்டு பேரும் ஒரே எடத்துலயா சார் தப்புப் பண்ணுனோம்?" எவ்வளவு நல்ல கயிறு, அவளே வீசுகிறாள். "ஆமாம்மா" என்று பிடித்துக்கொண்டேன். "எந்த எடமுங்க சார்?" பூங்கோதை வந்து அவள் முழங்கையைத் தொடுகிறாள், "அம்மா, பின்னாடி ஆளுங்க நிக்கறாங்க." "ஒரே நிமிசம் கண்ணு" என்று சொல்லிவிட்டு அவள் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள், வகுப்பில் பார்த்த மாதிரியே. சொல், தேய்மானம் என்று சொல், இறுதிச் சரக்கு என்று சொல், நம்பும்படியான தப்பு உனக்கு நூறு தெரியும், ஐம்பது வருஷமாக அதைத்தானே புத்தகத்தில் எழுதினாய், சொன்னால் நம்பிவிடுவாள், நம்பிவிடுவாளே என்றுதான் பயமாக இருக்கிறது. "நீ தப்பே பண்ணலைம்மா" என்று என் வாய் சொல்கிறது. "கேள்வி தப்பு. கடன் கொடுத்தோர் எட்டாயிரத்து அறுநூறு. நான் ஆறாயிரத்து எண்ணூறுன்னு மாத்தி எழுதிட்டேன்." அவள் உதடு அசைகிறது, கழிக்கிறாள், வகுக்கிறாள். "அப்ப எடம் மாறினதுதானுங்களே! நான் எழுதுனது சரிங்களா சார்?" "சரிம்மா. நீ எழுதினதுதான் சரி." "கேள்வியைக் கூட்டிப் பார்க்கோணும்னு எனக்குத் தோணவேயில்லீங்க. நீங்க போட்டதாச்சுங்களே." சிரிக்கிறாள், நிஜமாகவே, பாஸ் ஆகிவிட்ட பிள்ளையைப் போல. முடிந்தது, இவ்வளவுதானா, இவ்வளவுக்குத்தானா இத்தனை வருஷம், என்று மூச்சை விடப் போகிறேன். "இது எப்பங்க சார் உங்களுக்குத் தெரிஞ்சுது?"

இன்றைக்குத்தான், சற்று முன்னால் அவன் சொன்னபோதுதான். நாக்கு நுனியில் நிற்கிறது அந்தப் பொய், உருண்டையாக, வழவழவென்று. "பேப்பர் திருத்தறப்பவேம்மா." "ரிசல்ட் வாறதுக்கு முந்தியேங்ளா?" "ஆமா." பின்னால் நிற்கிறவன் சால்வையைப் பிரித்துத் தயாராகப் பிடித்துக்கொண்டிருக்கிறான். "எங்கய்யன் உங்க ஊட்டுக்கு வந்தாருங்களே," என்கிறாள் மெதுவாக, "அன்னைக்கு, அவரு வாசல்ல நின்னுட்டு இருந்தப்ப, உங்களுக்குத் தெரியுமுங்ளா சார்?" "தெரியும்" என்றேன். அவள் தலையாட்டினாள். பணியாளர் பின்னாலிருந்து துண்டை உருவக் கையை நீட்டினார், அவள் வேண்டாம் என்று அவர் கையை விலக்கிவிட்டுத் தானே என் தோளிலிருந்து எடுத்தாள், கோபமாக எடுக்கவில்லை, கொடியிலிருந்து காய்ந்த துணியை எடுக்கிற மாதிரி எடுத்து, நாலாக மடித்து, கவருக்குள் வைத்துக்கொண்டாள். "அம்மா, அது சாருக்குப் போட்டதுங்க" என்று பதறினாள் பூங்கோதை. "தெரியுங் கண்ணு" என்றாள் அவள். முட்டியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினாள். நாற்காலிகளுக்கு நடுவே அவள் வாசல் வரைக்கும் போவதைப் பார்த்தேன், யாரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. "சார், இங்க பாருங்க சார்" என்றார் புகைப்படக்காரர். அடுத்தவன் சால்வையை விரித்துக்கொண்டு முன்னால் வந்தான், நான் குனிந்தேன்.